குப்பையைக் கிளறும் வேலையா?

அமெரிக்காவில் தேர்தல் சூடு பிடிக்கும்போதெல்லாம் ஒரு தொழிலின் பெயர் அடிபடும்: எதிர்த்தரப்பு ஆய்வு. துறைக்காரர்கள் சுருக்கமாக ‘ஆப்போ’ என்பார்கள். போட்டி வேட்பாளரின் பொதுவாழ்வைத் துருவி, எதைச் சொன்னால் அவருக்கு ஓட்டுக் குறையும் என்று கோப்புப் போடுவதுதான் வேலை. இரண்டு பெரிய கட்சிகளின் தேசியக் குழுக்களிலும் இதற்குத் தனிப்பிரிவு உண்டு. கட்சிக்கு வெளியே, ஜனநாயகக் கட்சிப் பக்கம் ‘அமெரிக்கன் பிரிட்ஜ்’, குடியரசுக் கட்சிப் பக்கம் ‘அமெரிக்கா ரைசிங்’ என்று இதற்கென்றே தொடங்கிய அமைப்புகளும் இருக்கின்றன.

வாட்டர்கேட் பற்றிய படங்களையும் அரசியல் வெப் சீரிஸ்களையும் பார்த்தவர்கள் இந்த வேலையைப் பற்றி மனத்தில் ஒரு சித்திரம் வைத்திருப்பார்கள். அதில் பாதி தவறு. தகவலை எப்படித் தேடுகிறார்கள் என்று கவலைப்படுகிறோமே தவிர, கிடைத்ததை என்ன செய்கிறார்கள் என்று அவ்வளவாகக் கேட்பதில்லை.

நம்பிக்கை: ஒட்டுக்கேட்பு, ரகசியக் கேமரா, பூட்டை உடைப்பது. இதுதான் ஆப்போ.

உண்மை: 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் செய்தது குற்றம். கையும் களவுமாகப் பிடிபட்டு சிறைக்குப் போனார்கள். ஆப்போ ஆய்வாளரின் நாள் கழிவது கணினி முன்பும் மாவட்ட நீதிமன்றத்தின் பதிவேட்டு அறையிலும்தான். வேட்பாளர் முன்பு போட்ட ஓட்டுகள், பேசிய பேச்சுகள், சொத்துப் பத்திரங்கள், வரி பாக்கி, கடன் வழக்கு, உள்ளூர் நாளிதழின் பழைய இதழ்கள் எல்லாம் யார் கேட்டாலும் கிடைப்பவை. கூட்டாட்சி நீதிமன்றங்களின் ஆவணங்களை ‘பேசர்’ என்ற இணைய சேவையில் பக்கத்துக்கு 10 சென்ட் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். 200 டாலருக்கு மேல் நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கும்.

இப்படித் தயாராகும் கோப்பை ‘புக்’ என்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு புத்தகங்கள் வெளியில் கசிந்திருக்கின்றன. மிட் ராம்னியைப் பற்றி, 2008-ல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் போட்டிக்காக அவருடைய எதிராளி ஜான் மெக்கெய்ன் தரப்பு தயாரித்தது 2012 ஜனவரியில் இணையத்துக்கு வந்தது. சுமார் 200 பக்கம். டிரம்ப்பைப் பற்றி ஜனநாயகக் கட்சித் தேசியக் குழு தயாரித்தது 2016 ஜூனில் ஹேக்கர் கைவரிசையால் வெளியானது. அதுவும் 200 பக்கத்துக்கு மேல். கிசுகிசு தேடித் திறந்தவர்களுக்கு இரண்டுமே ஏமாற்றம்தான். உள்ளே இருந்தவை பெரும்பாலும் நாளிதழ்ச் செய்திகள், பழைய பேட்டிகள், வழக்கு விவரங்கள்.

நம்பிக்கை: எதிரியின் ஒரு ஓட்டைப் பிடித்துவிட்டால் போதும், ஆள் காலி.

உண்மை: அந்த ஓட்டை விளக்கத் தெரியாவிட்டால் காலியாவது ஆய்வாளர்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரே மசோதாவின் மேல் பல ஓட்டெடுப்புகள் நடக்கும்: திருத்தங்கள், நடைமுறைத் தீர்மானங்கள், கடைசியாக மசோதா. வேட்பாளர் எந்தக் கட்டத்தில் எப்படி ஓட்டளித்தார் என்று எண்ணும் தேதியும் போட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் எதிராளி இன்னொரு ஓட்டைக் காட்டிக் குற்றச்சாட்டையே பொய்யாக்கிவிடுவார்.

2004-ல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரான செனட்டர் ஜான் கெர்ரியின் கதை இதற்குப் பாடம். 2003-ல் இராக், ஆப்கானிஸ்தான் செலவுக்கு 8,700 கோடி டாலர் கேட்டு மசோதா வந்தது. பணக்காரர்களின் வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டலாம் என்ற திருத்தத்தை கெர்ரி ஆதரித்தார். திருத்தம் தோற்றது. கடைசி மசோதாவை எதிர்த்தார். அதற்கு ஒரு தர்க்கம் இருந்தது. ஆனால் குடியரசுக் கட்சியின் விளம்பரம் அவருடைய எதிர் ஓட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. 2004 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியாவில் அதற்குப் பதில் சொல்லப் போனவர், எதிர்த்து ஓட்டளிப்பதற்கு முன்னால் தான் ஆதரித்தும் ஓட்டளித்ததாக ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஆய்வாளர்கள் தேடி எடுத்த ஓட்டைவிட அவர் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியம்தான் தேர்தல் முடியும்வரை ஒளிபரப்பானது. விளம்பரத்துக்குத் தீனி ஆய்வாளரிடமிருந்து வருகிறது; அடியை முடித்து வைப்பவர் பெரும்பாலும் வேட்பாளரே.

நம்பிக்கை: ஆராய்ச்சி எல்லாம் எதிராளியின் மேல்தான்.

உண்மை: ஒழுங்காக நடக்கும் பிரசாரம் முதலில் தன் வேட்பாளரையே துருவும். நாளை எதிர்த்தரப்பு எதைக் கண்டுபிடிக்கும் என்று இன்றே தெரிந்தால்தான் பதில் தயாரிக்க முடியும். வேட்பாளர்களுக்கு இது பிடிக்காது. தானே சம்பளம் கொடுத்து வைத்த இளைஞன் தன் பழைய வரி பாக்கியைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இதன் அருமை தெரிய ஜார்ஜ் சான்டோஸைப் பார்த்தால் போதும். 2022 நவம்பரில் நியூயார்க்கின் 3-ஆவது காங்கிரஸ் தொகுதியில் குடியரசுக் கட்சி சார்பில் வென்றார். டிசம்பர் 19 அன்று நியூயார்க் டைம்ஸ் அவருடைய கதையைக் கிழித்துப் போட்டது. படித்ததாகச் சொன்ன பரூக் கல்லூரியில் பதிவு இல்லை. வேலை பார்த்ததாகச் சொன்ன கோல்ட்மன் சாக்ஸிலும் சிட்டி குரூப்பிலும் பதிவு இல்லை. ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழு அவரைப் பற்றி 87 பக்கக் கோப்பு போட்டிருந்தது. சில சந்தேகங்களை அது குறித்திருந்தது. கல்லூரிப் பட்டமும் வேலையும் பொய் என்று சொல்லவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையான நார்த் ஷோர் லீடர் தேர்தலுக்கு முன்பே அவருடைய திடீர்ப் பணத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருந்தது. பெரிய ஊடகங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கும் முன்னால், 2021 இறுதியில், சான்டோஸின் சொந்தப் பிரசாரக் குழுவே அவரைப் பற்றி ஆய்வு செய்யச் சொன்னது. வந்த அறிக்கையைப் பார்த்து ஆலோசகர்கள் ஆடிப்போனார்கள். போட்டியிலிருந்து விலகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். சிலர் வேலையை விட்டே போனார்கள். ஆனால் யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 1 அன்று பிரதிநிதிகள் சபை 311-க்கு 114 என்ற ஓட்டில் அவரை வெளியேற்றியது. எதிர்த்தரப்பு 87 பக்கம் எழுதியும் பிடிபடாதது, சொந்த வீட்டு ஆய்வில் ஒரு வருடம் முன்பே பிடிபட்டது. ஆப்போ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

நம்பிக்கை: கேமராவோடு பின்தொடர்பவர் வம்பிழுக்கத்தான் போகிறார்.

உண்மை: அவர்களை ‘ட்ராக்கர்’ என்பார்கள். துறையின் கடைநிலை வேலை. எதிர் வேட்பாளரின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய், வாயைத் திறக்காமல் படம் பிடிக்க வேண்டும். வம்பிழுத்தால் செய்தி வேட்பாளரைப் பற்றியதாக இல்லாமல் ட்ராக்கரைப் பற்றியதாக மாறிவிடும்.

2006 ஆகஸ்ட் 11 அன்று வர்ஜீனியாவில் செனட்டர் ஜார்ஜ் ஆலனின் கூட்டத்தில் அப்படித்தான் நின்றிருந்தார் எஸ்.ஆர். சித்தார்த். 20 வயது மாணவர், இந்திய வம்சாவளி, எதிர் வேட்பாளர் ஜிம் வெப்பின் தன்னார்வலர். கூட்டத்தில் பழுப்பு நிற முகம் அவருடையது மட்டும்தான். ஆலன் அவரை நோக்கிக் கைகாட்டி, குரங்கினத்தைக் குறிக்கும் ‘மக்காக்கா’ என்ற சொல்லால் அழைத்தார்; அமெரிக்காவுக்கு வரவேற்பும் சொன்னார். சித்தார்த் பிறந்தது வர்ஜீனியாவிலேயே. ஆலன் பிறந்ததுதான் கலிஃபோர்னியாவில். சித்தார்த் பதில் பேசவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யூடியூப் அப்போது பச்சைக் குழந்தை. அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. ஜனாதிபதி வேட்பாளர் ஆகக்கூடியவர் என்று பேசப்பட்ட ஆலன், சுமார் 9,300 ஓட்டில் தோற்றார்.

நம்பிக்கை: இந்தத் தொழிலுக்குச் சட்டமும் கிடையாது, எல்லையும் கிடையாது.

உண்மை: இரண்டும் உண்டு, மீறியவர்கள் மாட்டியும் இருக்கிறார்கள். 2005-ல் மேரிலாண்டின் துணை ஆளுநர் மைக்கேல் ஸ்டீலின் கடன் வரலாற்று அறிக்கையை, அவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பயன்படுத்தி, ஜனநாயகக் கட்சியின் செனட் தேர்தல் குழுவின் ஊழியர்கள் எடுத்தார்கள். நீதிமன்றக் கட்டடத்தில் கேட்டால் கிடைக்கும் காகிதம் அல்ல அது. கூட்டாட்சிச் சட்டம் காக்கும் தனிப்பட்ட ஆவணம். இருவர் வேலையை இழந்தார்கள். ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

செலவுக் கணக்கை மறைப்பதும் தப்பாது. 2016-ல் ‘ஃபியூஷன் ஜிபிஎஸ்’ என்ற நிறுவனத்துக்கு டிரம்ப்பைப் பற்றி ஆராய வழக்கறிஞர் நிறுவனம் வழியாகப் பணம் போனது. அதைச் சட்டச் சேவைக்கான செலவு என்று கணக்கு காட்டியதற்காக, 2022-ல் ஜனநாயகக் கட்சித் தேசியக் குழு 1,05,000 டாலரும், ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழு 8,000 டாலரும் அபராதம் கட்டின. அந்த ஒப்பந்தத்தில் பிறந்ததுதான் முன்னாள் பிரிட்டிஷ் உளவு அதிகாரி கிறிஸ்டோபர் ஸ்டீலின் அறிக்கை. அதன் பரபரப்பான குற்றச்சாட்டுகள் பலவும் கடைசிவரை ஊர்ஜிதமாகவில்லை. ஆதாரம் என்று காட்டக் காகிதம் இல்லாமல், யாரோ யாரிடமோ கேட்டதை எழுதிய அறிக்கை அது. அனுபவமுள்ள ஆப்போக்காரர் தன் புத்தகத்தில் சேர்க்கத் தயங்கும் சரக்கு. வெளியுலகமோ ஆப்போ என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டது.

நம்பிக்கை: சொன்ன தகவல் உண்மையாக இருந்தால், சொல்வதில் தப்பே இல்லை.

உண்மை: துறையின் மிகப் பெரிய மூடநம்பிக்கை இதுதான். வெளியாட்களைவிட உள்ளே இருப்பவர்களே இதை அதிகம் நம்புகிறார்கள்.

1988-ல் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசார மேலாளர் லீ அட்வாட்டர், ஆய்வுப் பிரிவின் தலைவர் ஜிம் பிங்கர்ட்டனிடம் மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டை ஒன்றைக் கொடுத்தார். ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸை வீழ்த்தக்கூடியவை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வேண்டுமானால் இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளலாம். மாசசூசெட்ஸ் சிறைக் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு தரும் திட்டமும் அந்த அட்டையில் ஏறியது. பிங்கர்ட்டன் அதை எங்கிருந்தும் திருடவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சி விவாதத்தில் அல் கோரே அதைப் பற்றி டுகாகிஸிடம் கேட்டிருந்தார். லாரன்ஸ் ஈகிள் ட்ரிப்யூன் என்ற உள்ளூர் நாளிதழ் அதைப் பற்றித் தொடர்ந்து எழுதி புலிட்சர் பரிசே வாங்கியிருந்தது.

தகவல் உண்மை: ஆயுள் கைதியான வில்லி ஹார்ட்டன் விடுப்பில் போய்த் திரும்பாமல், 1987-ல் மேரிலாண்டில் ஒரு ஜோடியின் வீட்டில் கொடூரமான குற்றங்கள் செய்தார். ஆனால் அந்த விடுப்புத் திட்டம் தொடங்கியது 1972-ல், குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவரின் காலத்தில். அட்டையின் எந்தப் பக்கத்துக்கும் அது தேவைப்படவில்லை. பிறகு பிரசாரத்துக்கு வெளியே இருந்த ஒரு குழு, கறுப்பரான ஹார்ட்டனின் படத்தைத் தொலைக்காட்சியில் பெரிதாகக் காட்டியது. சிறைக் கொள்கை பற்றிய கேள்வி, நிறத்தைக் காட்டிப் பயமுறுத்தும் விளம்பரமாக மாறியது. மூளைக் கட்டியால் சாகக் கிடந்த அட்வாட்டர், 1991-ல் டுகாகிஸிடம் தான் காட்டிய கொடூரத்துக்காக எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்.

எதை அட்டையில் ஏற்றுவது என்பது ஆய்வாளரின் முடிவு. ஏற்றியதை எப்படி வெளியிடுவது என்பது மேலே இருப்பவர்களின் முடிவு. ‘நான் தேடித்தான் கொடுத்தேன்’ என்று கழுவிக்கொள்ளும் கைகள் இந்தத் துறையில் அதிகம்.

நம்பிக்கை: இந்த வேலைக்குப் போனால் பேர் கெட்டுவிடும், வேறெங்கும் போக முடியாது.

உண்மை: 2000-த்தில் குடியரசுக் கட்சித் தேசியக் குழுவின் ஆய்வு இயக்குநராக இருந்த பார்பரா காம்ஸ்டாக் பின்னாளில் வர்ஜீனியாவிலிருந்து காங்கிரசுக்குத் தேர்வானார். அவரோடு அங்கே வேலை பார்த்த டிம் கிரிஃபின் இன்று ஆர்கன்சாவின் அட்டர்னி ஜெனரல். நிறுவனங்களின் பின்னணியை விசாரிக்கும் தொழில், பத்திரிகை, மக்கள் தொடர்பு, நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகம் என்று கதவுகள் நிறைய. பேர் கெடுவதைவிட நிஜமான தொல்லை வேறு: இது பருவகாலத் தொழில். நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த நாளான செவ்வாய் ஓட்டுப்பதிவு என்றால், புதன்கிழமை காலையில் பலருக்கு வேலை இருக்காது.

பேர் கெடுவது எப்போது என்றால், யார் கொடுத்தது என்று மறைக்கும்போது. 1987-ல் ஜோ பைடன் பிரிட்டிஷ் தலைவர் நீல் கின்னக்கின் பேச்சைப் பெயர் சொல்லாமல் தன்னுடையதுபோல் பேசினார். டுகாகிஸின் பிரசார மேலாளர் ஜான் சாசோ இரண்டு பேச்சுகளையும் அடுத்தடுத்து வைத்து ஒரு வீடியோ செய்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வீடியோவில் பொய் எதுவுமில்லை. செப்டம்பர் 23 அன்று பைடன் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியிலிருந்து விலகினார். அனுப்பியது யார் என்று தெரிந்ததும், ஒரே வாரத்தில் சாசோவும் ராஜினாமா செய்தார்.

ஆகவே இந்தத் துறையில் வேலை தேடும் இளைஞர் நேர்காணலில் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் சொந்த வேட்பாளரை ஆராய்ந்தீர்களா? எதிராளிக்குச் சாதகமாகக் கிடைப்பதையும் கோப்பில் எழுத விடுவீர்களா? இதைத் தேடியவர்கள் நாங்கள்தான் என்று வெளியே சொல்லத் தயாரா? முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வரும் இடங்கள் ஓரளவு உண்டு. மூன்றுக்கும் வந்தால், மறுபேச்சில்லாமல் சேர்ந்துவிடலாம்.