சிறுகதைக்கு உரை காணல்

நூலொன்றைக் கற்றல் வேறு. அதனைக் கண்ணாற் கடந்து செல்லுதல் வேறு. செய்யுளைப் பயிலும் மாணாக்கர் சொற்பொருள் கேட்டு, ஐயம் வினாவி, மெல்ல நடப்பர். சிறுகதையோ எளிய உரைநடையில் அமைந்திருத்தலின், அதற்கு அவ்வுழைப்பு வேண்டாவென்று கருதி ஒரே மூச்சிற் படித்து முடிப்பர். பரீட்சை நெருங்கியதும், பிறர் எழுதி அச்சிட்ட வினாவிடை நூலை மனனஞ் செய்வர். இதனால் விளைவது யாது? கதையின் முடிவு நினைவில் நிற்கும். அம்முடிவு ஏன் வந்ததென்பது நில்லாது. பென்சிலைக் கையிற் கொண்டு, குறிப்பெழுதிப் படித்தலே இதற்கு மருந்தாகும்.

இம்முறை நமக்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் தமது நன்னூலில் உரையின் கூறுகளைப் பதினான்காக வகுத்துள்ளார். திருக்குறளுக்குப் பரிமேலழகர் கண்ட உரையை ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சேற்றி நம்மவர் கையில் தந்தார். உரையாசிரியர் எவரும் முதற்கண் ஊன்றிப் படித்த வாசகரே. அவர் பெரு நூலுக்குச் செய்ததை, நாம் சிறுகதைக்குச் சிறிய அளவிற் செய்தல் கூடும். நன்னூலார் கூறிய பதினான்கினுள் சொற்பொருள், விசேடம், வினா, விடை, துணிவு என்னும் ஐந்தும் இதற்குப் போதியன.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவாம். வ. வே. சு. ஐயர் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமரம்’ தமிழின் முதற் சிறுகதையென்று பலராலும் கொள்ளப்படுவது. கதையைச் சொல்வது ஒரு மரம். ருக்மிணி என்னும் இளம்பெண்ணின் தந்தை செல்வம் இழக்கிறார். அவளுடைய மாமனார் வீட்டார் மகனுக்கு வேறு பெண் தேடுகின்றனர். கணவன் நாகராஜன் அதற்கு இசைந்தவன்போல நடிக்கிறான். ருக்மிணி குளத்தில் உயிர் விடுகிறாள்.

முதன்முறை படிக்கும்போது எதனையும் எழுதற்க. கதையின் துயரம் உள்ளத்திற் படியட்டும். இரண்டாம் முறையிலே பென்சிலை எடுக்க.

தமிழ்நாட்டு அந்தணர் இல்லங்களின் பேச்சுவழக்கு மன்னார்ப் பிள்ளைகளுக்குப் புதிது. தெரியாத சொல்லின் பக்கத்தில் அதன் பொருளை எழுதுக, இது சொற்பொருள். தந்தையின் செல்வம் அர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சியால் அழிந்ததென்று கதை கூறுகிறது. அக்கம்பெனி சென்னையில் 1906இல் முறிந்தது. பணம் இட்டு வைத்தோர் பலர் வறியராயினர். கதையின் புறத்தேயிருந்து கொணர்ந்து சேர்க்கும் இத்தகைய குறிப்பு விசேடம் எனப்படும்.

இனி, வினாவே தலையாயது. தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, “இதனை அறிந்தவர் யார்? அறியாதவர் யார்?” என்று எழுதிக்கொண்டு கதையை மீட்டும் படிக்க. நாகராஜன் தன் உண்மையான எண்ணத்தை நண்பனிடம் சொல்கிறான், மரம் கேட்கிறது, ருக்மிணி அறியாள். நண்பன், மரம், வாசகன் ஆகிய மூவரும் அறிந்த ஒன்றை, அறியவேண்டிய ஒருத்தி மட்டும் அறியாதிருக்கிறாள். விடை இவ்விடத்தே தானாகப் புலப்படும். அவளைக் கொன்றது வறுமை மட்டுமன்று. மாமியாரின் கொடுமை மட்டுமன்று. விளையாட்டாக மறைக்கப்பட்ட ஒரு சொல். மரத்துக்கு வாயில்லை, ஆதலின் அது பேசவில்லை. வாயிருந்தும் பேசாதவன் கணவன். ஆசிரியர் மரத்தைக் கதைசொல்லியாக வைத்ததன் நுட்பம் இதுவென்று நீங்களே ஒரு வரியில் முடிவு செய்து எழுதுவீராயின், அதுவே துணிவு. அவ்வொரு வரி, அச்சிட்ட வினாவிடை நூலின் பத்துப் பக்கத்தினும் பெறுமதி உடையது. வேறொருவர் வேறு துணிவுக்கு வரலாம். இருவரும் கதையின் சொற்களையே சான்றாகக் காட்டி வாதிடுக.

சில எச்சரிக்கைகளும் உள. எல்லா வரிக்கும் கீழ்க்கோடு இடுதல் ஒரு வரிக்கும் இடாமைக்கு ஒப்பாகும். நூலகப் புத்தகத்தில் எழுதுதல் பிறர் உரிமையைக் கெடுத்தலாம். அப்பியாசக் கொப்பியில் பக்க எண்ணோடு குறித்துக்கொள்க. குறிப்பு உங்கள் சொந்தச் சொல்லிலேயே அமைதல் வேண்டும். கைப்பேசியில் விடை நொடியில் வந்துவிடும் இக்காலத்திலும், வினா நம்மிடமிருந்தே பிறத்தல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறுவாம். பள்ளிமுனையிலே முதிர்ந்து பருத்து நிற்கும் பெருக்கமரத்தை யாவரும் அறிவீர். அரபு வணிகரால் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டதென்று சொல்லப்படும் இனத்தைச் சேர்ந்தது அது. அம்மரம் கதை சொல்லுமாயின், எதனைக் கண்டிருக்கும்? எதனைக் காதால் மட்டும் கேட்டிருக்கும்? எதனை ஒருபோதும் அறிந்திராது? இம்மூன்றையும் பட்டியலிட்டபின் ஒரு பக்கக் கதை எழுதுக. கதைசொல்லியின் அறிவுக்கு எல்லையுண்டு என்பது அப்போது கைவரப்பெறும்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். போரினாலும் இடப்பெயர்வினாலும் இம்மாவட்டத்து இல்லங்களில் நூல்கள் பல அழிந்தொழிந்தன. எஞ்சியவற்றுள் உங்கள் கைக்குறிப்புள்ள கதைப்புத்தகம் ஏதேனும் இருப்பின், அழுக்கானதென்று ஒதுக்காது கல்லூரி நூலகத்துக்கு உதவுக. புதிய புத்தகம் கதையை மட்டுமே தரும். உங்கள் புத்தகமோ, முன்னொருவர் எவ்விடத்தில் நின்று சிந்தித்தார் என்பதையும் பின்வரும் மாணாக்கருக்குக் காட்டும்.