டிராக் சேஸிஸுக்கு எந்தப் பூச்சு?

டிராக் ரேஸ் வண்டிக்கு ஃபிரேம் கட்டி முடித்ததும் பட்டறையில் எழும் முதல் கேள்வி, "என்ன கலர் அடிக்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நாளைக்கு ஒரு வெல்டிங் ஜாயிண்டில் மயிரிழை விரிசல் விட்டால், இந்தப் பூச்சு அதைக் காட்டிக்கொடுக்குமா, மூடி மறைக்குமா? ஸ்டார்ட்டில் கிளட்சை விடும்போதெல்லாம் ஃபிரேம் முறுக்கு வாங்குகிறது. விரிசல் பெரும்பாலும் ஜாயிண்டை ஒட்டித்தான் பிறக்கும்.

ஓசூர்க்காரர்களுக்கு வசதிக்குக் குறைவில்லை. டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த சிப்காட், சிட்கோ பகுதிகளில் பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங், பிளேட்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்காகக் கிடைக்கும். கர்நாடக எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா. இவ்வளவு கிடைப்பதால்தான் ஆசை குரோமில் போய் நிற்கிறது.

குரோமை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். கார் என்றால் விதியே இடம் கொடுக்காது: ரோல் கேஜின் எந்தப் பகுதிக்கும் குரோம் பிளேட்டிங் கூடாது என்பது உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் விதி. காரணம் ஹைட்ரஜன். அமிலத்தில் கழுவும்போதும் மின்சாரம் பாய்ச்சி முலாம் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடுகிறது. கடினமான எஃகு அதனால் நொறுங்கும் குணம் பெற்று, முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். சாதாரண சிடிடபிள்யூ டியூபுக்கு இந்த ஆபத்து குறைவுதான். ஆனால் 4130 குரோமோலி எஃகில் வெல்டிங்கை ஒட்டிய பகுதி டியூபை விடக் கடினமாகிவிடும். ஹைட்ரஜன் கைவைப்பதும் அங்கேதான். முலாம் ஏற்றியவுடன் 190 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுட வைத்தால் ஹைட்ரஜன் வெளியேறும் என்பார்கள். உண்மைதான். ஒற்றை ஃபிரேமுக்காக அதை ஒழுங்காகச் செய்து தருபவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு.

இன்னொரு காரணம் தண்ணீர். வழக்கமான குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், ஐயமில்லாமல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் 1.5 லட்சம் டன்னுக்கு மேல். எலக்ட்ரோபிளேட்டிங் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பிரிவில் வருகிறது. வாரியத்தின் இசைவாணை இல்லாத கொட்டகையில் கொடுத்து வாங்கினால் விலை மலிவாகத்தான் இருக்கும். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்து வரும்போது கர்நாடகத்தைக் கை காட்டுகிறோம். நம் பக்கத்துச் சாக்கடையில் குரோமைத் திறந்துவிட்டு அந்த வாதத்தை எப்படி நடத்துவது?

ஹாட் டிப் கால்வனைசிங் வேண்டவே வேண்டாம். 450 டிகிரித் துத்தநாகத்தில் ஃபிரேம் கோணும், காற்றுத் துளை இல்லாத டியூப் தொட்டியிலேயே வெடிக்கும்.

மீதி பவுடர் கோட்டிங்கும் பெயிண்டும். சாலையில் ஓடும் வண்டிக்குப் பவுடரை அடித்துக்கொள்ள ஆளில்லை: கல்லடி தாங்கும், பெட்ரோல் சிந்தினாலும் எளிதில் கரையாது. அடுப்பின் 180 முதல் 200 டிகிரிச் சூட்டால் ஃபிரேம் பலமிழக்கும் என்ற பயம் ஸ்டீலுக்குத் தேவையில்லை. அலுமினிய ஸ்விங் ஆர்ம் இருந்தால் மட்டும் கழற்றிவிட்டு அனுப்புங்கள். அந்தச் சூட்டில் நேரம் கூடினால் அதன் பதம் இறங்கும். பவுடரின் குறை அதன் தடிமன். 60 முதல் 80 மைக்ரான் வரை தோல் போல இழுபட்டு நிற்பதால், அடியில் இரும்பு பிளந்தாலும் மேலே தெரியாமல் போகலாம். விரிசல் தேடும் காந்தத் துகள் சோதனையைப் பூச்சோடு செய்வதற்கும் 50 மைக்ரானுக்குள் இருப்பது நல்லது. வெல்டிங் திருத்தம் வந்தால் பவுடரைச் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

ஆகவே சீசனுக்குச் சீசன் வெட்டி ஒட்டும் டிராக் ஃபிரேமுக்கு என் வாக்கு மெல்லிய பெயிண்டுக்கே: எபாக்ஸி பிரைமர் ஒரு கோட், மேலே வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை. கறுப்பில் விரிசல் ஒளிந்துகொள்ளும். வெள்ளையில் துருக்கோடாக முகம் காட்டும். வெல்டிங்கை அழகுக்காகக் கிரைண்டர் போட்டு வழிக்காதீர்கள், பட்டி வைத்து நிரப்பாதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோமேட் பிரைமரில் அதே ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. ஜிங்க் பாஸ்பேட் கேட்டு வாங்குங்கள். 2016-ம் ஆண்டு ஈய விதி 90 பிபிஎம் வரம்பு வைத்தது வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்குத்தான். தொழிற்சாலைப் பெயிண்ட் அதில் வராது என்பதால் மஞ்சளும் சிவப்பும் வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். ஹார்டனர் கலக்கும் பியூ பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு, ஆஸ்துமா வரும். பெயிண்டர் முகத்தில் கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பு ஆகாது. காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் வேண்டும். பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணல் கூடாது, நுரையீரலைத் தின்னும் சிலிகோசிஸ் அதில்தான். ஸ்டீல் கிரிட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி சட்டம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கென்று கட்டிய ஃபிரேமை அங்கே வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பதிவு பெற்ற வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 44-ம் எண் நெடுஞ்சாலையில் டிராக் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு 189-வது பிரிவு தனியாக இருக்கிறது.

பதிவு பெற்ற பைக்கின் ஃபிரேமுக்கு வெறும் பூச்சு மட்டும் என்றாலும், ஹெட் ஸ்டாக்கில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரைப் படம் எடுத்து, டேப் ஒட்டி மறைத்த பிறகே பிளாஸ்டிங்குக்கு விடுங்கள். பிளாஸ்டிங் தின்ற நம்பரையோ பவுடர் மூடிய நம்பரையோ வைத்துக்கொண்டு ஆர்டிஓ முன் நிற்பது பெரிய தலைவலி. பேரிங் உட்காரும் இடம், என்ஜின் மவுண்ட் துளை, எர்த் ஒயர் புள்ளி ஆகியவற்றுக்கும் அதே டேப்.

ஜிஎஸ்டி பதிவுள்ள ஓசூர்ப் பட்டறை ஃபிரேமைப் பொம்மசந்திராவுக்கு ஜாப் ஒர்க் அனுப்பினால், மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும் மாநில எல்லை தாண்டுவதால் இ-வே பில் கட்டாயம். டெலிவரி சலானும் கூடவே போகட்டும்.