ஊஞ்சலும் ஆதித்யாவும்

பெருநாளைக்கு முன்னேஸ்வரத்தில் எங்கள் வீட்டு மாமரத்தில் ஊஞ்சல் கட்டுவது வழக்கம். ஆடிக்கொண்டிருந்த தம்பி கேட்டான்: "ராத்தா, சூரியனை ஆராயப் போன ஆதித்யா ஏன் நேரே போகாம பூமியையே சுத்திச் சுத்தி வந்திச்சு?" உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது. கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தியாவின் ஆதித்யா எல் 1 செய்மதி 2023 செப்டெம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது செல்லவேண்டிய தூரம் 15 இலட்சம் கிலோமீற்றர். ரொக்கெட் அதனை விட்டுச்சென்றதோ, பூமிக்கு மேலே 235 கி.மீ. அண்மையும் 19,500 கி.மீ. சேய்மையும் கொண்ட நீள்வட்டப் பாதையில். மீதி வழிக்குச் செய்மதியின் சிறிய எஞ்சின்தான் துணை. இடையில் எரிபொருள் நிரப்ப முடியாது. ஆகவே அதனை எங்கே எரிப்பது என்பதே கேள்வி.

அப்பாதையின் அண்மைப் புள்ளியில் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 9.8 கி.மீ.; சேய்மைப் புள்ளியில் 2.5 கி.மீ. மட்டுமே. இரண்டு இடங்களிலும் ஒரே அளவு எரிபொருளால் வேகத்தை 0.1 கி.மீ. கூட்டுவதாகக் கொள்வோம். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. எனவே ஒரு கிலோகிராமுக்கு அண்மையில் கூடுவது 9.85 இலட்சம் யூல், சேய்மையில் 2.55 இலட்சம் யூல். ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம்!

இந்த மிகுதி சும்மா வந்ததல்ல. செய்மதியோடு சேர்ந்து கீழிறங்கி வேகமெடுத்த எரிபொருளிடமும் இயக்கசக்தி இருக்கிறது. அதனைப் பின்னோக்கி வீசும்போது அதன் ஒரு பங்கு செய்மதிக்கு வந்து சேர்கிறது.

ஆனால் செய்மதி அண்மைப் பகுதியை விரைவில் கடந்துவிடும். சிறிய எஞ்சினால் அதற்குள் கொஞ்சமே தள்ள முடியும். ஆகவேதான் பல சுற்றுகள். செப்டெம்பர் 3, 5, 10, 15ஆம் திகதிகளில் சேய்மைப் புள்ளி முறையே 22,459, 40,225, 71,767, 121,973 கி.மீ. என உயர்ந்தது. 19ஆம் திகதி ஐந்தாவது உந்தலில் எல் 1 நோக்கிப் புறப்பட்டு, 2024 ஜனவரி 6இல் அங்குள்ள சுற்றுப்பாதையில் அமர்ந்தது.

இத்திட்டத்தின் பணிப்பாளர் யார் தெரியுமா தோழியரே? தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்து, 1987இல் இஸ்ரோவில் இணைந்த நிகார் ஷாஜி. நம்மைப் போலத் தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் பெண்.

மறுநாள் தம்பியை ஊஞ்சலில் இருத்தி, அது கீழே மிக வேகமாக வரும் கணத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் மெல்லத் தள்ளினேன். ஐந்தாம் தள்ளலில் அவன் கால் மாவிலையைத் தொட்டது. "இப்ப விளங்குது ராத்தா" என்றான்.