மலையைச் சுற்றி ஓர் ஊர்

கேள்வி: இத்தாலியில் மலைமேல் இருக்கும் பழைய ஊர்களைக் கால்நடையாகவே சுற்றிப் பார்ப்பார்களாமே. கோவில்பட்டிப் பக்கம் அப்படி நடந்து பார்க்க ஏதாவது உண்டா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் ஊரிலிருந்து சங்கரன்கோவில் போகும் பேருந்தில் ஏறுங்கள், சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. இத்தாலியின் மாத்தேராவில் பாறையைக் குடைந்து வீடும் தேவாலயமும் அமைத்தார்கள். இங்கே ஊர் அடிவாரத்தில், சிற்பங்கள் மேலே.

முதலில் கழுகாசலமூர்த்தி கோயில். கருவறை மலைக்குள் குடைந்தது. அதனால் முருகனை வலம்வர மலையையே சுற்ற வேண்டும். ஊரைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பிறகு பாறை ஏறினால் வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலையைச் சுமார் 7.5 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் விட்ட பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தேடிப் பாருங்கள். வாத்தியத்தின் மீது படிந்த விரல்களை விட்டுக் கண் நகராது.

இன்னும் நடந்தால் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக. படம் விரித்த பாம்பின் கீழ் பார்சுவநாதர், சிங்கத்தோடு அம்பிகா. கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர் பெயர்கள். குரத்தியர் என்ற பெண் துறவிகளும் அதில் உண்டு. தயவுசெய்து அந்த எழுத்துகள்மேல் கை வைக்காதீர்கள். பக்கத்தில் யாராவது பெயர் கிறுக்கினால் தடுங்கள்.

விடிந்ததும் ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் சுற்றிலும் கரிசல் காடு பச்சையாக இருக்கும். தண்ணீர் கொண்டுபோங்கள்.