கேட்டு எழுதிய அம்மையார்

காவிரியின் வடகரையில், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முசிறி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரைக் கடந்து வரும் ஆறு முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, திருவரங்கத்தைத் தீவாக்கிச் செல்கின்றது. அம்முசிறியில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர் ராஜம் கிருஷ்ணன். பெண்களுக்கு உயர்கல்வி எளிதில் கிட்டாத காலம் அது. பதினைந்து வயதிலேயே அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. கல்லூரியிற் பயின்று பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளரும் வியக்கும் வண்ணம் அவர் தமிழுக்கு உழைத்தார்.

அவர்தம் கணவர் மின்துறைப் பொறியாளர். அவர் பணியாற்றிய இடங்களுக்கெல்லாம் அம்மையாரும் உடன் சென்றார். சென்ற இடங்களில் வீட்டுக்குள் அடங்கியிராமல், மக்கள் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கினார். நீலகிரியில் வாழும் படகர்களைப் பற்றி அவர் எழுதிய ‘குறிஞ்சித்தேன்’ 1963இல் நூலாயிற்று. நானூற்றைம்பது ஆண்டுகள் போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்து, 1961இல் விடுதலை பெற்ற கோவாவைப் பற்றி ‘வளைக்கரம்’ என்னும் நாவலை இயற்றினார். அயலார் ஆட்சி நீங்கினால் மட்டும் போதுமா? எளியோர் துயரும் நீங்க வேண்டாவா? இவ்வினாவே பின்னர் அவரை உப்பளங்களுக்கும் வயல்களுக்கும் அழைத்துச் சென்றது.

தூத்துக்குடியில் உப்பு விளையும் முறையை அறிவீர்கள். உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சுவர், வெயிலில் நீர் வற்றும், உப்புப் படியும். வெயில் மிகுந்தால் விளைச்சல் மிகும். ஆனால் உழைப்போர் உடலும் அவ்வெயிலில்தான் வாட வேண்டும். வெண்மையான உப்பிற்பட்டுத் திரும்பும் ஒளி கண்களைக் கெடுக்கும். உவர்நீரில் நின்ற கால்கள் வெடித்துப் புண்ணாகும். மழைக்காலத்திலோ வேலையே இராது. அம்மையார் அங்கே நேரிற் சென்று, உப்புச் சுமக்கும் பெண்களோடு பழகி, அவர்கள் கூறியவற்றைக் கேட்டார். அவ்வாறு பிறந்ததே ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவல். நாம் நாள்தோறும் உண்ணும் உப்பில் யாருடைய வியர்வை கலந்துள்ளது என்பதை அந்நூல் உணர்த்துகின்றது.

கீழைத் தஞ்சையில் உழவுத் தொழிலாளரைத் திரட்டி உரிமைக்குப் போராடியவர் மணலூர் மணியம்மை. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், அவரை நினைவில் வைத்திருந்தவர்களைத் தேடிச் சென்று செய்திகளைத் திரட்டினார் அம்மையார். 1991இல் ‘பாதையில் பதிந்த அடிகள்’ வெளிவந்தது. ஏட்டில் இடம்பெறாத ஒரு பெண்ணின் வரலாறு, மக்கள் நாவிலிருந்து இவ்வாறு மீட்கப்பட்டது. கல்வெட்டும் செப்பேடும் மட்டுமா சான்று? கண்டோர் கூறும் மொழியும் சான்றேயாம். ஆனால் அதனைப் பொறுமையோடு கேட்பார் வேண்டும்.

‘வேருக்கு நீர்’ என்னும் நாவலுக்காக 1973இல் சாகித்திய அக்காதெமி விருது அவரை வந்தடைந்தது. ஆயினும், பிறர் வறுமையை எழுதிய அவரை முதுமையில் வறுமையே வந்து வாட்டியது. கணவரை இழந்தபின் முதியோர் இல்லத்தில் வாழ நேர்ந்தது. 2009இல் தமிழ்நாடு அரசு அவர்தம் நூல்களை நாட்டுடைமையாக்கி, அவர் வாழும்போதே பொருளுதவி அளித்தது.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவர் விருப்பப்படி, அவரது உடல் சென்னைப் போரூரில் உள்ள மருத்துவமனைக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. கல்லூரியில் மாணவியாக அமரும் வாய்ப்பு வாழ்நாளில் அவருக்குக் கிடைக்கவில்லை. இறந்தபின் மருத்துவம் பயில்வோர்க்குத் தம் உடலையே பாடமாக்கினார்.

பிறர் துயரைப் பேசுவது எளிது. பேசுமுன் அவர்பாற் சென்று கேட்பது அரிது. அவ்வரிய செயலை வாழ்நாள் முழுவதும் செய்தவர் ராஜம் கிருஷ்ணன் அம்மையார்.