பாடம் 12: பீப்பாய்க்குள் துள்ளியவை

முத்து மூன்று நாட்களாகச் சாப்பிடவில்லை.

முத்து என் தம்பியின் மீன். உடல் நீலம், வால் மட்டும் சிவப்பு. 'ஃபைட்டர்' என்று சொல்லும் இனம். தம்பியின் ஏழாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தார். கடுகு போன்ற உருண்டை உணவைத் தொட்டியில் போட்டால் முன்பெல்லாம் பாய்ந்து வந்து விழுங்கும். இப்போது வாயில் எடுத்து, உடனே துப்பிவிடுகிறது.

“அக்கா, முத்து செத்துப் போகுமோ?” என்று தம்பி கேட்டான்.

“சும்மா இரு. அப்படி ஒண்டும் நடக்காது,” என்றேன். ஆனால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அப்பா தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினார். சூடாக்கி சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. மீன் கடைக்காரரைக் கேட்டபோது, “உயிருள்ள உணவு கொடுத்துப் பாருங்கள். அசைகிற உணவைக் கண்டால் இந்த மீனுக்குப் பசி வரும்,” என்றார். அவரிடம் அன்று அது இருக்கவில்லை.

ஜேர்மனியில் வீட்டோடு தோட்டம் இல்லாதவர்கள் நகரத்தின் ஓரத்தில் சிறிய துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துத் தோட்டம் செய்வார்கள். அதை ஷ்ரேபர்கார்ட்டன் என்பார்கள். எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. அம்மம்மா அங்கே கத்தரியும் வெண்டியும் நடுவார். (வெண்டி ஒரு வருடமும் சரிவரவில்லை. ஆனாலும் அம்மம்மா விடமாட்டார்.) பக்கத்துத் தோட்டம் ஒரு ஜேர்மன் தாத்தாவுடையது. சனிக்கிழமை நாங்கள் போனபோது தம்பி அவரிடம் முத்துவின் கதையைச் சொன்னான்.

தாத்தா சிரித்தார். தன் கொட்டிலின் பின்னால் இருந்த மழைநீர்ப் பீப்பாயைக் காட்டி, “வாஸர்ஃப்ளோ!” என்றார்.

“என்னவாம்?” என்று அம்மம்மா கேட்டார்.

எனக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லை. வாஸர் என்றால் நீர். ஃப்ளோ என்றால்... நாய், பூனையில் இருந்து கடிக்குமே, அது!

“தெள்ளு!” என்றார் அம்மம்மா. “அப்ப நீர்த்தெள்ளு எண்டு சொல்லு. ஐயோ பிள்ளை, கடிக்குமோ?”

கடிக்காது. பெயரில்தான் தெள்ளு. உண்மையில் அது பூச்சியே அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் சொந்தக்கார உயிரினம். துள்ளித் துள்ளி நீந்துவதால் அந்தப் பெயர் வந்தது. தாத்தா சொன்னதை நான் தமிழில் சொன்னதும் அம்மம்மா, “இறாலின்ர சொந்தமோ? அப்ப ஒரு சொதி வைப்பமே?” என்று கேட்டார். அதை நான் தாத்தாவுக்குச் சொன்னேன். அவருக்கு இருமல் வரும்வரை சிரிப்பு.

பீப்பாய்க்குள் பார்த்தோம். தண்ணீர் இளம் பச்சையாக இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. உப்புக்கல் அளவில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் மேலும் கீழும் துள்ளின.

நீர்த்தெள்ளு எங்கே கிடைக்கும் என்று தாத்தா விளக்கினார். ஓடாத தண்ணீரில், மீன் இல்லாத இடத்தில் தேட வேண்டும். மீன் இருந்தால் அவற்றைத் தின்று முடித்துவிடும். தண்ணீர் பச்சையாக இருந்தால் நல்லது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பாசிகளால்தான் அந்தப் பச்சை. அதுவே நீர்த்தெள்ளின் சாப்பாடு. உச்சி வெயிலில் அவை ஆழத்துக்குப் போய்விடும். மாலையில் மேலே வரும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக் குளங்களில் எதையும் பிடிக்கக் கூடாது. மற்றவர்களின் குளம் என்றால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது தாத்தா தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தம்பியின் கை அதற்குள் பீப்பாய்க்குள் போயிருந்தது!

மாலை வரை காத்திருந்தோம். அப்பா கம்பியை வட்டமாக வளைத்து, அதில் அம்மாவின் பழைய நைலோன் காலுறையை மாட்டி ஒரு வலை செய்தார். வலையைத் தண்ணீரில் எட்டு (8) எழுதுவதுபோல் மெதுவாக அசைத்தோம். பிடித்தவற்றை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினோம். வெள்ளையில்தான் எல்லாம் நன்றாகத் தெரியும். அதில் ஒரு தும்பிக் குடம்பியும் இருந்தது. “இதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இது நீர்த்தெள்ளையும் தின்னும், மீன்குஞ்சையும் தின்னும்,” என்று தாத்தா அதை எடுத்து மறுபடி பீப்பாயில் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி அளவு நீர்த்தெள்ளை முத்துவின் தொட்டியில் விட்டோம். முத்து ஒரு மூலையில் சும்மா நின்றது. ஒரு புள்ளி அதன் கண்ணுக்கு முன்னால் துள்ளியது. முத்து திரும்பியது. இன்னொரு துள்ளல். 'டக்!' விழுங்கிவிட்டது. துப்பவில்லை. தம்பி கதிரையில் ஏறிக் குதித்தான்.

மிச்சத்தை ஒரு பழைய கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முடிவு செய்தோம். பீப்பாய்த் தண்ணீரும் முத்துவின் பழைய தண்ணீரும் கலந்து ஊற்றினோம். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவில்லை. குழாயில் இருந்து வரும் செம்பு சிறிதளவு இருந்தாலும் நீர்த்தெள்ளு செத்துவிடும். குளோரினும் அவற்றுக்கு ஆகாது. வடிகட்டி வைக்கவில்லை, அது அவற்றை உறிஞ்சிவிடும். காற்றுக் குழாயில் இருந்து பெரிய குமிழிகள் மெதுவாக வரும்படி வைத்தோம். சின்னக் குமிழிகள் அவற்றின் ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டால், அவை மேலே மிதந்து கீழே இறங்க முடியாமல் தவிக்கும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீர்த்தெள்ளின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்! ஒரே ஒரு கறுப்புக் கண். பச்சைக் கோடு போலக் குடல். முதுகுப் பக்கம் படபடவென்று அடிக்கும் இதயம். அதை எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை, அவ்வளவு வேகம். தலையில் கிளை விட்ட இரண்டு உணர்கொம்புகள். அவற்றைத் துடுப்புப் போல ஒருமுறை அடித்தால் ஒரு துள்ளல். சிலவற்றின் முதுகுப் பையில் முட்டைகள் இருந்தன. சாப்பாடு நிறைய உள்ள காலத்தில் பெண் நீர்த்தெள்ளு ஆண் இல்லாமலே குஞ்சு பெறும். அந்தக் குஞ்சுகளும் பெண்களே. அதனால்தான் சில வாரத்தில் பீப்பாய் நிறைந்துவிடுகிறது.

இனி நடந்தது எனக்குச் சொல்ல விருப்பமில்லாத பகுதி.

நீர்த்தெள்ளுக்குப் பாண் செய்யும் ஈஸ்ட் கொடுக்கலாம். தாத்தா, “ஒரு சிட்டிகை மட்டும். தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுத்த முறை,” என்று சொல்லியிருந்தார். புதன்கிழமை மாலை நான் ஒரு முழுத் தேக்கரண்டி போட்டேன். நிறையச் சாப்பிட்டால் நிறையக் குஞ்சு வரும் என்று நினைத்தேன். தண்ணீர் பால் போல ஆனது.

காலையில் எல்லாம் அடியில் கிடந்தன. ஒன்றும் துள்ளவில்லை. தண்ணீர் நாறியது.

தம்பி முதல் நாள் பகலில் தொட்டியை யன்னலோரம் நகர்த்தியிருந்தான். “வெயிலுக்குள்ள வைச்சியோ?” என்று அம்மா அவனைக் கேட்டார். “சூட்டில செத்துப் போச்சுப் போல.” தம்பி அழுதான். நான் பாடசாலைப் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டேன்.

வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஈஸ்ட்டும் ஓர் உயிர்தான். அது தண்ணீரில் உள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தும். அதிகம் போட்டால் நீர்த்தெள்ளுக்கு மூச்சுவிட ஒட்சிசன் மிஞ்சாது. வெயில் அல்ல, நான்தான்.

இரவு அம்மம்மாவின் கட்டிலில் போய் இருந்து சொன்னேன்.

“இதை எனக்கேன் சொல்லுறாய்?” என்றார் அம்மம்மா. “அவனுக்கெல்லோ சொல்லோணும்.”

சொன்னேன். தம்பி என்னோடு ஒரு நாள் முழுவதும் கதைக்கவில்லை. பிறகு, “இனித் தண்ணி வாளி எல்லாம் நீதான் தூக்கோணும்,” என்றான். சரி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வாளியோடு போனோம். பீப்பாய் வெறுமையாக இருந்தது! மழை பெய்யாததால் தாத்தா எல்லாத் தண்ணீரையும் தக்காளிக்கு ஊற்றிவிட்டார். அடியில் கறுப்புச் சேறு மட்டும் கிடந்தது.

“சேற்றை எடுத்துப் போங்கள்,” என்றார் தாத்தா.

குளிர் வரும்போதும் சாப்பாடு குறையும்போதும் நீர்த்தெள்ளில் ஆண்களும் பிறக்கும். அப்போது பெண்கள் வேறு விதமான முட்டைகளை இடும். குதிரைச் சேணம் போன்ற சிறிய கறுப்பு உறைக்குள் அவை இருக்கும். பனியில் உறைந்தாலும் காய்ந்தாலும் சாகாது. பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு வேறு குளத்துக்கும் போகும். தாத்தாவின் பீப்பாய்க்கு நீர்த்தெள்ளு வந்ததும் அப்படித்தான் இருக்கும். அவர் அதைக் கடையில் வாங்கவில்லையே!

சேற்றை மழைத்தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வைத்தோம். அதுவரை முத்துவுக்கு என்ன கொடுப்பது? அதற்கு வழி சொன்னவர் அம்மம்மா.

“ஊரில எங்கட கிணத்துக்குள்ள மீன் விட்டனாங்கள். நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் எண்டு. உங்கட தோட்டத்து வாளிக்குள்ள எவ்வளவு நெளியுது, பாக்கேல்லையோ?”

பார்த்தோம். முத்துவுக்குக் குடம்பியும் பிடித்தது. ஆனால் அம்மம்மா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருப்பார். “ஒண்டும் மிச்சம் விடாதை. பறந்துதெண்டா இரவைக்கு என்னைத்தான் கடிக்கும்.”

ஐந்து நாள் ஒன்றும் இல்லை. எட்டாம் நாளும் இல்லை. நான் சேற்றைக் கொட்டிவிடலாம் என்றேன். தம்பி விடவில்லை. பத்தாம் நாள் காலை அவன் என்னை உலுப்பி எழுப்பினான்.

“அக்கா! ஏழு!”

ஊசி முனை அளவில் ஏழு புள்ளிகள், துள்ளின. முத்து தன் தொட்டியில் இருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உனக்கு இல்லை,” என்று தம்பி முத்துவிடம் சொன்னான். “முதல்ல இவை வளரட்டும்.” பிறகு ஈஸ்ட் பெட்டியை எடுத்துத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

உங்களுக்குத் தெரியுமா?

1884இல் இலியா மெச்னிகோவ் என்ற அறிஞர் நுணுக்குக்காட்டியால் நீர்த்தெள்ளைப் பார்த்தார். அதன் உடலுக்குள் நுழைந்த நோய்க்கிருமிகளை இரத்தக் கலங்கள் சூழ்ந்து விழுங்குவதைக் கண்டார். உடல் நோயோடு எப்படிப் போராடுகிறது என்பதை விளக்க இது உதவியது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்ணாடி போன்ற உடல் இல்லாவிட்டால் அவர் இதை இவ்வளவு எளிதாகப் பார்த்திருக்க முடியாது.

சொற்பொருள்

குடம்பி – பூச்சியின் இளம் பருவம்
நுளம்பு – கொசு
பாண் – ரொட்டி
சேணம் – குதிரையின் முதுகில் வைக்கும் இருக்கை
உணர்கொம்பு – தலையில் உள்ள மெல்லிய உறுப்பு
கதைத்தல் – பேசுதல்

பயிற்சிகள்

1. மீன் உள்ள குளத்தில் நீர்த்தெள்ளு ஏன் குறைவு?

2. தொட்டியில் நீர்த்தெள்ளு செத்ததற்கு உண்மையான காரணம் என்ன? அம்மா என்ன காரணம் என்று நினைத்தார்?

3. அக்கா உண்மையை முதலில் யாரிடம் சொன்னாள்? ஏன் அவரிடம் சொன்னாள் என்று நினைக்கிறீர்கள்?

4. இவை பேச்சுத் தமிழ். எழுத்துத் தமிழில் எழுதுங்கள்:
அப்படி ஒண்டும் நடக்காது.
அவனுக்கெல்லோ சொல்லோணும்.
எங்கட கிணத்துக்குள்ள மீன் விட்டனாங்கள்.

5. நீங்கள் வாழும் நாட்டு மொழியில் நீர்த்தெள்ளுக்கு என்ன பெயர்? அந்தப் பெயரின் பொருளை வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்குங்கள். அவர் சொன்ன பதிலை அப்படியே பேச்சுத் தமிழில் எழுதி வாருங்கள்.