எஞ்சின் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கும் முறை

மோட்டார் வண்டியின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நம் நாட்டுப் பட்டறைகள் பலவற்றில் நெடுநாளைய வழக்கம். உஷ்ணப் பிரதேசத்தில் இக்கருவிக்கு வேலையில்லை என்பது அங்குள்ளோர் எண்ணம். இது தவறானது. போதிய சூடேறாமல் ஓடும் எஞ்சினில், எரியாத எரிபொருள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுவதால் தேய்மானம் மிகுகிறது. அன்றியும், பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு மற்றொரு பணியையும் செய்கிறது. எஞ்சின் சூடேறியபின், நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் உள்ளேயே சுற்றிவரும் வழியை அது அடைத்துவிடுகிறது. அத்தகைய எஞ்சினில் கருவியைக் கழற்றிவிட்டால், வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டாமலே சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைத் தணிக்கச் செய்த காரியமே சூட்டை வளர்ப்பதாக முடியும்!

ஆகவே, கருவியைக் குற்றம் கூறுமுன் அதனைச் சோதித்தறிதல் வேண்டும். இக்காலத் தெர்மோஸ்டாட்டின் உயிர்நிலை, சிறு உலோகக் கிண்ணத்துள் அடைக்கப்பட்ட மெழுகாகும். குறிப்பிட்ட உஷ்ணத்தில் மெழுகு உருகி விரிந்து, தண்டொன்றை உந்தி வால்வைத் திறக்கிறது. குளிரும்போது சுருள்வில் அதனை மூடுகிறது. திறக்கத் தொடங்கும் உஷ்ணநிலை 82, 88 என்றாற்போலக் கருவியின்மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

எஞ்சின் நன்கு ஆறியபின் கருவியைக் கழற்றுக. குளிர்ந்த நிலையில் வால்வு சிறிதேனும் திறந்திருப்பின் மேற்கொண்டு சோதனை தேவையில்லை. அதனை மாற்றிவிட வேண்டியதே. மூடியிருப்பின், வால்வின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்நூலாலேயே கருவியை நீர் நிறைந்த பாத்திரத்துள் தொங்கவிடுக. கருவியும் உஷ்ணமானியும் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடலாகாது. நீரைக் கலக்கியவாறு மெல்லச் சூடாக்குக. வால்வு திறந்ததும் நூல் நழுவிக் கருவி கீழே விழும். அக்கணமே உஷ்ணமானியைப் படிக்கவும். பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாக இருந்தால் குறையில்லை. அவசரப்பட்டுத் தீயைப் பெருக்கினால், மெழுகு சூடேறுமுன் நீர் முந்திவிடும். நல்ல கருவியும் தாமதமாகத் திறப்பதாகத் தோன்றும்.

முழுவதும் திறப்பதற்கு மேலும் 10 முதல் 15 டிகிரி வரை தேவைப்படும். இங்குதான் மலைப்பிரதேசத்தார் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கடல் மட்டத்திற்குச் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 88 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். 88 எனக் குறித்த தெர்மோஸ்டாட் அங்கே கொதிநீரிலும் மூடியவாறு கிடந்து, வீண்பழி ஏற்கக்கூடும். ரேடியேட்டரிலோ, மூடியின் அழுத்தத்தால் நீரின் கொதிநிலை உயர்ந்திருப்பதால், அதே கருவி பழுதின்றி வேலை செய்யும். எனவே, நீர் கொதிப்பதைக் கண்டு முடிவு செய்யாது, உஷ்ணமானியை நம்புவதே தக்கது.

நீர் ஆறும்போது வால்வு தடையின்றி மூடுகிறதா என்பதையும் கவனிக்கவும். திறந்த உஷ்ணத்திற்குச் சில டிகிரி கீழேதான் அது மூடும், இது இயல்பே. திரும்பப் பொருத்துகையில் மெழுகுக் கிண்ணம் எஞ்சினிலிருந்து வரும் வெந்நீரில் அமிழ்ந்திருக்குமாறும், காற்று வெளியேறும் சிறு துளை மேற்புறம் அமையுமாறும் வைத்து, புதிய கேஸ்கெட்டைப் போட்டு இறுக்குக.